கியர் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தபோது

கனடாவில், ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் மீன்பிடிக்க 16 அடி அலுமினியப் போட் ஒன்று வைத்திருக்கிறேன். குளிர் தொடங்க முதல் அதைக் கரைக்கு எடுத்து, தார்ப்பாயால் மூடிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் முதல் வருடம் இருந்தேன். தப்பியது என் அதிர்ஷ்டம்.

அடுத்த ஒக்ரோபரில், போட்டின் பின்புறம் வெளியே பூட்டும் அவுட்போர்ட் எஞ்சினின் கியர் பெட்டியில் கீழ் ஸ்குரூவைக் கழற்றினேன். முதலில் ஒரு கரண்டி வெறும் தண்ணீர். பிறகு பால்தேத்தண்ணி நிறத்தில் ஒயில். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். ஜனவரிக் குளிரில் பெட்டியே வெடித்திருக்கும்.

புரொப்பெல்லரைக் கழற்றினால், தண்டைச் சுற்றி இறுகிப்போன தங்கூசி, அதுதான் நைலோன் தூண்டில் நூல். வெட்டி எடுக்கக் கால்மணி நேரம். அதுதான், தண்ணீர் உள்ளே போகாமல் தண்டைச் சுற்றி அடைக்கும் சீல் வளையத்தை அறுத்திருக்கிறது. அந்த வளையத்தை மாற்றி, புது ஒயிலைக் கீழ்த் துவாரத்தால் பம்ப் பண்ணி, மேல் துவாரத்தால் குமிழி இல்லாமல் வழியும்வரை ஏற்றினேன். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபடும். மூடும்போது முதலில் மேல் ஸ்குரூ, பிறகுதான் கீழ். மாறிச் செய்து சப்பாத்தெல்லாம் ஒயிலாக்கியவன் சொல்கிறேன்.

மிச்சமெல்லாம் சின்ன வேலை. பெற்றோல் பழுதாகாமல் இருக்க அதில் ஸ்டெபிலைசர் கலந்து, தோட்டக்குழாயால் தண்ணீர் கொடுத்தபடி 10 நிமிடம் ஓடவிட்டேன். பற்றரி நிலக்கீழ் அறைக்குப் போனது. எஞ்சினைச் சாய்க்காமல் நேராக நிறுத்தினேன், உள்ளே நிற்கும் தண்ணீர் தானாக வடியட்டும் என்று.

ஏப்ரலில் கீழ் ஸ்குரூவைத் திரும்பத் திறந்தேன். ஒயில் தேன் மாதிரித் தெளிவாக இறங்கியது.