வார்ப்பு டிராயிங்கில் ‘8 மி.மீ.’ என்றால் எந்த இடத்தில் 8?

மணல் வார்ப்புக்கான ஒரு டிராயிங். 60 மி.மீ. உயர ரிப் (வலுவுக்காக நீட்டி நிற்கும் மெல்லிய விலா), தடிமன் 8. கீழே குறிப்பில் ‘காட்டப்படாத டிராஃப்ட் 2°’, ‘ஐ.எஸ்.ஓ. 8062-3, டி.சி.டி.ஜி. 10’. டிராஃப்ட் என்பது பக்கச் சாய்வு; பின்னது வார்ப்பு அளவுகளுக்கான டாலரன்ஸ் தரநிலையும் அதில் கிரேடும். படத்தில் ரிப்பின் இரு பக்கமும் நேர்கோடுதான். ஆனால் பேட்டர்ன் (மணலில் அச்சு பதிக்கும் மாதிரி) மணலை உடைக்காமல் வெளியே வர வேண்டுமென்றால் பக்கங்கள் சாய்ந்துதான் இருக்க வேண்டும். ஆகவே 8 என்பது ஏதோ ஓர் உயரத்தில் மட்டுமே 8.

முதலில் சாய்வைக் கணக்கிடுங்கள். 1 டிகிரிக்கு 100 மி.மீ. உயரத்தில் ஒரு பக்கம் 1.75 மி.மீ. கூடும். நம் ரிப்பில் 2 டிகிரிக்கு ஒரு பக்கம் 2.1, இரு பக்கமும் சேர்த்து 4.2. இந்த 4.2 எங்கே போகிறது என்பதில் மூன்று வழி உண்டு:

- டேப்பர் பிளஸ்: நுனியில் 8, அடியில் 12.2. எடை கூடும். அடியில் உலோகம் திரள்வதால் சுருக்கக் குழி வரும் அபாயமும் உண்டு.
- டேப்பர் மைனஸ்: அடியில் 8, நுனியில் 3.8. இரும்பு நுனிவரை ஓடாமல் உறைந்துவிடலாம்.
- டேப்பர் பிளஸ்-மைனஸ்: நடுவில் 8, நுனியில் 5.9, அடியில் 10.1.

எது என்று டிராயிங்கில் இல்லையென்றால் பேட்டர்ன் செய்யும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மெஷினிங் செய்யும் முகத்துக்கு மட்டும் கேட்கத் தேவையில்லை. அங்கே எப்போதும் பிளஸ்தான். மைனஸ் போட்டால் மெஷினிங் அலவன்ஸை, அதாவது செதுக்கி எடுக்க விடும் கூடுதல் உலோகத்தை, சாய்வு தின்றுவிடும், ஒரு முனையில் கறுப்புத் தோல் (மெஷின் தொடாத வார்ப்பு மேற்பரப்பு) அப்படியே நிற்கும். கோணம் ஒரு பக்கத்துக்கா, இரு பக்கமும் சேர்த்தா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கப்படும் விலகல். இங்கே இரண்டு தவறு சகஜம். பொது கிரேடு 10 என்றால், வேறு குறிப்பு இல்லாதவரை சுவர்த் தடிமனுக்கு ஒரு கிரேடு தளர்வாக 11 எடுக்க வேண்டும். பலர் 10-ஐயே எடுத்துவிட்டு நல்ல காஸ்டிங்கை ரிஜெக்ட் செய்கிறார்கள். இரண்டாவது, அட்டவணையில் இருப்பது மொத்த அகலம். 10 மி.மீ. வரையிலான அளவுக்கு கிரேடு 11-இல் 2.8, அதாவது ±1.4. அதை ±2.8 என்று படித்தால் எல்லாமே பாஸ் ஆகிவிடும்!

டிராஃப்ட் டாலரன்ஸுக்குள் அடங்காது. சாய்ந்த வடிவத்தை முதலில் வரைந்து, அதன் மேல் ±1.4-ஐ உயரம் முழுக்க வையுங்கள். பிளஸ்-மைனஸ் முறையில் நுனி 4.5 முதல் 7.3 வரை, அடி 8.7 முதல் 11.5 வரை போகலாம். வெர்னியர் வைக்கும் உயரத்தை இன்ஸ்பெக்ஷன் ஷீட்டில் எழுதுங்கள். அடியில் ஃபில்லட்டுக்கு (மூலையின் வளைவுக்கு) மேலே அளக்க வேண்டும். ‘டிராஃப்ட் டாலரன்ஸுக்குள்’ என்று வாடிக்கையாளர் குறிப்பு போட்டிருந்தால் கதை மாறும். 2.8-க்குள் 4.2 நுழையாது. 1 டிகிரியாகக் குறைத்தாலும் 2.1 சாய்வுக்கே போய், மோல்டிங் வேறுபாட்டுக்கு மிஞ்சுவது 0.7. அந்த ஆர்டரை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சுவருக்கு ஏன் ஒரு கிரேடு தளர்வு? பம்ப் கேசிங் போன்றவற்றில் சுவரின் வெளிமுகத்தை மோல்டும் (மணல் அச்சு) உள்முகத்தை கோரும் (உள்ளே வைக்கும் தனி மணல் கட்டி) தருகின்றன. கோர் உட்காரும் குழியான கோர் பிரிண்டில் இடைவெளி அதிகமானாலோ, உலோகம் கோரைத் தூக்கினாலோ வெளி விட்டமும் உள் விட்டமும் சரியாகவே இருக்கும். சுவர் மட்டும் ஒரு பக்கம் 6, எதிர்ப்பக்கம் 10 ஆகிவிடும். அதனால் எதிரெதிரே நான்கு இடங்களில் அல்ட்ராசோனிக் கேஜால் அளக்க வேண்டும். ஒரே இடத்தில் அளந்த 8-ஐ நம்ப முடியாது.

அழுத்தம் தாங்கும் பகுதியில் ‘குறைந்தபட்சம் 7’ என்று இருந்தால் அதற்குக் கீழ் இடமே இல்லை. ±1.4 வரும் பட்டறை, மிக மெலிந்த இடத்தில் 8.4 வருமாறு பேட்டர்னும் கோர் பாக்ஸும் (கோர் செய்யும் பெட்டி) செய்ய வேண்டும். அந்தக் கூடுதல் எடையை விலையில் முன்பே சேர்த்துவிடுங்கள்.