கல்ட்செப்ட்: புதிதாக ஆடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1997இல் சேகா சாட்டர்னில் தொடங்கிய கல்ட்செப்ட் என்ற, கார்டும் பலகை ஆட்டமும் கலந்த வீடியோ கேம், அப்புறம் நிண்டெண்டோ டிஎஸ், 3டிஎஸ் என்று கைக்கு அடக்கமாக வந்துவிட்டது. கடைசியாக 3டிஎஸ்ஸில் வந்த கல்ட்செப்ட் ரிவோல்ட் ஜப்பானில் 2016இலும் ஆங்கிலத்தில் 2017இலும் வெளியானது. 3டிஎஸ் இணைய ஆட்டம் 2024 ஏப்ரலோடு நின்றுபோனதால் இப்போது கம்ப்யூட்டரோடு ஆடலாம், அல்லது பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம். பக்கத்தில் உட்காரும் புதியவர்கள் எல்லோரும் நான் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழிகளில்தான் வரிசையாக விழுகிறார்கள்.

பகடை உருட்டி நகர்வது, காலி நிலத்தில் கிரியேச்சரை (நிலத்தைக் காக்கும் உயிரினக் கார்டு) இறக்குவது, வந்து நிற்பவரிடம் டோல் (வரி) வாங்குவது எல்லாம் முதல் ஆட்டத்திலேயே பிடிபட்டுவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

அரிய கார்டாகப் பொறுக்கிப் போடுவது

ஆட்டத்துக்கு எடுத்துப் போகும் கார்டுக் கட்டுதான் புக். அதில் 50 கார்டு. ஒரே கார்டை 4 வரை வைக்கலாம். புதியவர்கள் கிடைத்த அபூர்வங்களில் எல்லாம் ஒவ்வொன்று வைத்து, புக்கை ஒரு கண்காட்சியாக்கிவிடுகிறார்கள். பெரிய கிரியேச்சர்களை இறக்க மேஜிக் (இந்த ஆட்டத்தின் பணம்) அதிகம் வேண்டும். சிலவற்றுக்கு அதே வகை நிலம் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். ஆட்டத் தொடக்கத்தில் இரண்டுமே இருக்காது. மலிவான கிரியேச்சர்கள் புக்கில் பாதியாவது இருக்கட்டும்.

நான்கு வகையிலும் கால் வைப்பது

நிலத்திலும் கிரியேச்சரிலும் நெருப்பு, நீர், மண், காற்று என்று வகைகள். இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும். ஒரே வகை நிலங்கள் சேர்ந்தால்தான் சங்கிலி உருவாகி மதிப்பும் டோலும் ஏறும்.

கஜானாவைத் துடைத்து லெவல் 5க்கு ஏற்றுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சமீபத்தில் நண்பர் ஒருவர் இருந்த மேஜிக் முழுவதையும் கொட்டி ஒரு நெருப்பு நிலத்தை லெவல் 5க்கு ஏற்றினார். நிலத்துக்கேற்ற நெருப்புக் கிரியேச்சர், ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 40. லெவலுக்குப் பத்து வீதம் நில போனஸ் 50. ஆக 90. "இதை யார் உடைக்கப் போகிறார்கள்?" என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கையில் நல்ல கவசக் கார்டு ஒன்றும் இருந்தது. மீதி மேஜிக் இருபதோ என்னவோ, அந்தக் கவசத்தின் விலைக்குக்கூடக் காணாது. கவசம் மாதிரி ஐட்டம் (சண்டையில் உதவும் கார்டு) போடவும் மேஜிக் கட்ட வேண்டும் என்பது அந்த நிமிடத்தில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

அடுத்து வந்தவர் ஒரு ஸ்க்ரோல் கார்டோடு (மந்திரச் சுருள் ஐட்டம்) தாக்கினார். ஸ்க்ரோல் தாக்குதலுக்கு நில போனஸ் ஒரு பொருட்டே இல்லை. அதன் கண்ணுக்கு அந்த 90இல் தெரிவது 40 மட்டும். கிரியேச்சர் காலி, நிலம் அவர் வசம்.

பிடிபட்ட நிலம் லெவல் 1க்கு இறங்குவதில்லை, அதுதான் கொடுமை. ஏற்றிய லெவல் அப்படியே எதிரிக்குப் போகிறது. வெற்றிக்கான மொத்த மேஜிக்கில் கையிருப்போடு நிலங்களின் மதிப்பும் சேரும். 1,500 மதிப்புள்ள நிலம் கைமாறினால் உங்கள் கணக்கில் 1,500 குறைந்து அவர் கணக்கில் 1,500 ஏறுகிறது. இருவருக்கும் நடுவே 3,000 இடைவெளி. அடுத்த சுற்றில் உங்கள் பணத்தில் கட்டிய நிலத்துக்கு நீங்களே டோல் கட்டுவீர்கள். கட்ட மேஜிக் இல்லையென்றால் மற்ற நிலங்களை விற்க வேண்டும்.

"தாக்கமாட்டார்கள்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. பெரிய நிலத்தில் மாட்டியவர் எப்படியும் டோல் கட்டத்தான் போகிறார். தாக்கித் தோற்றாலும் அவருக்குப் பெரிய நஷ்டமில்லை, ஜெயித்தால் நிலமே கிடைக்கும். ஆகவே தாக்கத்தான் செய்வார். போதாததற்கு இந்த விளையாட்டில் எல்லோருடைய கைக் கார்டுகளும் கையிருப்பும் எல்லோருக்கும் தெரியும். உங்களிடம் கவசத்துக்கு மேஜிக் இல்லை என்பதை எதிரி உங்களுக்கு முன்பே பார்த்திருப்பார். நீங்களும் அவர் கையைப் பாருங்கள். ஸ்க்ரோல் இருந்தால் போனஸைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

ஓல்டு வில்லோ மாதிரி, கடந்து போகிறவரை வழிமறித்து நிற்க வைக்கும் கிரியேச்சரை இறக்கிவிட்டு இப்படிக் கஜானாவைத் துடைக்கிறவர்களும் உண்டு. வாசலைத் திறந்து வைத்துவிட்டுத் திருடனுக்கு ஆள் அனுப்புகிற வேலை.

கையில் உள்ள கவசத்தின் விலையையும், முன்னால் வரப்போகும் எதிரி நிலத்தின் டோலையும் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதைத்தான் நிலத்தில் போட வேண்டும். போதாவிட்டால் லெவல் 3இல் இரண்டு நிலம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போனாலும் ஆட்டம் போகாது. ஏற்றுவதற்கு முன் காவல் நிற்கும் கிரியேச்சரின் இப்போதைய ஹெச்பியையும் பாருங்கள். போன சண்டையில் பட்ட அடி தானாக உடனே ஆறிவிடாது. அதற்காக மேஜிக்கைக் குவித்து வைத்துக்கொண்டும் உட்காராதீர்கள், உறிஞ்சிக்கொண்டு போக டிரெயின் மேஜிக் என்றே ஒரு ஸ்பெல் (மந்திரக் கார்டு) இருக்கிறது.

ஸ்பெல்லைத் தாமதமாக நினைப்பது

ஸ்பெல் போடுவது பகடைக்கு முன்புதான். உருட்டிய பின் வருந்திப் பயனில்லை.

ஏழாவது கார்டு

கையில் ஆறுதான் நிற்கும். மீறினால் ஒன்று குப்பைக்கு.

இலக்கைத் தொட்டதும் கொண்டாடுவது

மொத்த மேஜிக் இலக்கைத் தாண்டினால் மட்டும் வெற்றி இல்லை, புறப்பட்ட இடமான கோட்டைக்குத் திரும்பியாக வேண்டும். அந்த நடையில் உங்களை நிறுத்தத்தான் எல்லோரும் இதுவரை கார்டு சேர்த்து வைத்திருப்பார்கள். பகடை எண்ணை நிர்ணயிக்கும் ஹோலி வர்ட் ஸ்பெல் ஒன்றை இந்தக் கட்டத்துக்கென்று ஒதுக்கி வைத்தால், வழியில் இருக்கும் பெரிய நிலத்தைத் தாண்டிக் குதிக்கலாம்.