வெனிஸ் படகு பாஸை மதியம் தொடங்குங்கள்

வெனிஸில் பஸ் மாதிரி ஓடும் வாப்பரெட்டோ படகுக்கு 24 மணி நேர பாஸ் வாங்கினால் காலையில் அல்ல, மதியம் மூன்று மணி வாக்கில் மெஷினில் முதல் தடவை காட்டுங்கள். கணக்கு அந்த நிமிடத்திலிருந்துதான் ஓடும், நள்ளிரவில் முடியாது. அதனால் அன்று மாலை 1ஆம் எண் படகில் கிராண்ட் கால்வாய் மாளிகைகள், மறுநாள் காலை ஃபொந்தமெந்தே நோவே படகுத்துறையிலிருந்து 12ஆம் எண்ணில் தீவுகள்: 1291இல் நகரத்தின் கண்ணாடி உலைகள் மாற்றப்பட்ட முரானோ, அப்புறம் லேஸ் பின்னும் புரானோ. எல்லாம் ஒரே பாஸில். ஒரு தடவை டிக்கெட்டே 9.50 யூரோ, பாஸ் 25, மூன்று தடவை ஏறினாலே லாபம்.

காலையில் வந்து மாலையே கிளம்புபவர்களுக்கு இது சரிவராது. விமான நிலையப் படகிலும் இந்த பாஸ் செல்லாது. கால்வாயைக் குறுக்கே கடக்க மட்டும் என்றால் இரண்டு யூரோவுக்கு அக்கரையில் விடும் த்ரகெத்தோ துடுப்புப் படகு போதும்.