வெட்ட வெட்ட மின்கம்பியைத் தொட்ட மரம்: எனக்குக் கைகொடுத்த வழி

மின் நிறுவனத்து ஆட்கள் வந்து எங்கள் காம்பவுண்டுக்குள் நிற்கும் மரத்தை வெட்டிவிட்டுப் போவார்கள். எட்டே மாதத்தில் கிளை மறுபடி கம்பியைத் தொடும். காற்றடித்தால் விளக்கு மினுக்கும். மூன்றாவது தடவை மரத்தின் உச்சியே போய்விட்டது. வயிறு எரிந்தது.

போனில் புகார் சொன்னேன். ஒரு எண் கொடுத்தார்கள், அதோடு சரி. தோட்டக்காரரைக் கூப்பிட்டால், கம்பிப் பக்கம் ஏறவே மாட்டேன் என்றார். அவர் சொன்னது நியாயம். கம்பியில் உரசும் பச்சைக் கிளை வழியாகவும் மின்சாரம் பாயும்.

அப்புறம்தான் கீழே நின்று பழைய வெட்டுகளைக் கவனித்தேன். கிளையை நடுவில் வெட்டி முண்டமாக விட்ட இடத்திலெல்லாம் துடைப்பம் மாதிரி ஏழெட்டுத் தளிர்கள் நேராக மேலே கிளம்பியிருந்தன. ஒரே ஒரு கிளையை மட்டும் தண்டோடு சேரும் புடைப்பை ஒட்டி, புடைப்பைச் சிதைக்காமல் வெட்டியிருந்தார்கள். அங்கே ஒரு தளிர்கூட இல்லை. பட்டை வளையமாகச் சுற்றி வெட்டை மூடிக்கொண்டு வந்தது.

இரண்டையும் படம் எடுத்து எழுத்தில் மனு கொடுத்தேன். வெட்டும் நாளை முன்பே சொல்லுங்கள், கம்பியை நோக்கிப் போகும் கிளைகளை மட்டும் அந்தப் புடைப்பை ஒட்டி எடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். அவர்கள் வெட்ட வந்த அன்று மேற்பார்வையாளரோடு மரத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு கிளையாகக் காட்டினேன். மறுபேச்சே இல்லை, அப்படியே வெட்டிக் கொடுத்தார்.

இரண்டு வருடமாகிறது. கம்பிப் பக்கம் இன்னும் வெட்டவெளிதான்.