வடக்கு எது என்று கேட்காமல் சூரியனை வைக்காதீர்கள்

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இருவர் தங்கள் முதல் ரெண்டரை, அதாவது கட்டப்போகும் வீட்டின் கணினி மாடலிலிருந்து உருவாக்கிய படத்தை, கொண்டுவந்து காட்டினார்கள். மாடலில் குறையே இல்லை. தேக்கின் ரேகைகூட உயிரோடு இருந்தது. வரவேற்பறைத் தரையில் பொன்னிற வெயில் சாய்ந்து கிடந்தது. படத்தின் கீழே 'டிசம்பர், காலை 9 மணி' என்று எழுதியிருந்தார்கள். "இந்த ஜன்னல் எந்தத் திசை?" என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வரைபடத்தைப் பிரித்தால், வடக்கு! கோயம்புத்தூரில் டிசம்பர் மாதம் வடக்கு ஜன்னலுக்குள் ஒரு நிமிடம்கூட வெயில் நுழையாது.

இதே பிழையை நானும் செய்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அலகைச் சரிபாருங்கள், முதலில் சிறிய அளவில் ரெண்டர் செய்து பாருங்கள் என்பதையெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சூரியனைக் கையால் திருப்புவது

நான் தொழிலுக்கு வந்த புதிதில் கோயம்புத்தூர்ப் புறநகரில் ஒரு வீட்டுக்குப் படம் செய்தேன். மேற்கே மலை தெரியும் மனை. மலையைப் பார்ப்பதற்கென்றே மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. அதற்கு வெளியே வெயிலைத் தடுக்கச் செங்குத்தான தகடுகளை ஆர்க்கிடெக்ட் வரைந்திருந்தார். மாலைக் காட்சியை ரெண்டர் செய்தபோது வெயில் சோபாவரை வந்து கண்ணைக் கூசவைத்தது. எனக்கு அது அழகாகப் படவில்லை. மென்பொருளில் சூரியனைப் பிடித்துத் திருப்பினேன். அறை முழுவதும் இதமான வெளிச்சம் பரவியது.

அந்தப் படத்தைப் பார்த்த வீட்டுக்காரர், "வெளிச்சம் இவ்வளவு இதமாக இருக்கும்போது இந்தத் தகடுகள் எதற்கு? மலையை மறைக்கின்றனவே" என்றார். ஆர்க்கிடெக்ட் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். என் படத்துக்கு முன்னால் அவர் பேச்சு எடுபடவில்லை. தகடுகள் இல்லாமலே வீடு எழுந்தது.

குடிபுகுந்தது மார்ச் மாதம். அந்த மாதத்தில் அங்கே மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 37 பாகை உயரத்தில் நிற்கும். 5 மணிக்கு 22 பாகை. நேரே முகத்தில் அடிக்கிற வெயில். மலைக்காக வைத்த கண்ணாடியை மாலை முழுவதும் திரைச்சீலை மூடிக்கிடந்தது. ஓராண்டு கழித்துச் சாரம் கட்டி, வரைபடத்தில் முதலிலேயே இருந்த அதே தகடுகளைப் பொருத்தினார்கள். "தம்பி, நீங்கள் காட்டிய வெளிச்சம் எங்கே?" என்று அவர் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்தப் பிழை எளிதில் நேர்வதற்கு ஒரு காரணம் உண்டு. மென்பொருளுக்கு நம் ஊர் தெரியாது. மாடல் செய்யும் மென்பொருளான ஸ்கெட்ச்அப்பில் இடத்தைக் குறிக்காமல் தொடங்கினால், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள போல்டர் நகரத்தின் சூரியன்தான் கிடைக்கும். அது 40 பாகை வட அட்சரேகை. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான் இருக்கும். கோயம்புத்தூர் 11 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் நான்காம் வாரம்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்குச் சுவரில் வெயில் விழும், தெற்குச் சுவர் நிழலில் இருக்கும். போல்டர் சூரியனில் நண்பகலில் இது ஒருநாளும் தெரியாது.

எனவே முதலில் மனை வரைபடத்திலுள்ள வடக்கு அம்புக்குறியை மாடலில் பொருத்துங்கள். பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை, நேர மண்டலம் 5.5 ஆகியவற்றைக் கொடுங்கள். நேர மண்டலத்தைப் பூஜ்யமாக விட்டுவிட்டு, காலைச் சூரியன் ஏன் உச்சியைத் தாண்டிவிட்டது என்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்ச் 21, ஜூன் 21, டிசம்பர் 21 ஆகிய மூன்று நாட்களுக்கும் காலை, நண்பகல், மாலை என ஒன்பது சிறிய படங்கள் எடுத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை. அழகான வெளிச்சம் வேண்டுமென்றால் நேரத்தை மாற்றுங்கள், மாதத்தை மாற்றுங்கள், கேமராவை நகர்த்துங்கள். வடக்கை மட்டும் தொடாதீர்கள்.

அறை இருட்டாக இருக்கிறதென்று விளக்கு வைப்பது

ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறோம். வெளியே உச்சி வெயில் 1,00,000 லக்ஸை ஒட்டியது. ஜன்னலிலிருந்து தள்ளியுள்ள அறையின் உட்பகுதியில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். நம் கண் இரண்டுக்கும் பழகிக்கொள்கிறது, கேமராவுக்கு அது முடியாது. எக்ஸ்போஷரை (கேமரா உள்வாங்கும் ஒளியின் அளவை) உயர்த்த வேண்டிய இடத்தில், கூரைக்கடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விளக்கைச் சொருகுகிறார்கள். உடனே நாற்காலியின் நிழல் ஜன்னலை நோக்கி விழுகிறது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், படம் பொய் என்பது தெரிந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் வெளுத்துப்போனால் போகட்டும்.

முழு வெள்ளைச் சுவர்

புதிதாக அடித்த வெள்ளைப் பெயின்ட்கூடத் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத்தான் திருப்பித் தரும். மென்பொருளில் சுவரின் நிறத்தை 255 என்று, அதாவது வெள்ளையின் உச்ச எண்ணில், வைத்தால் ஒளி அறைக்குள் ஓயாமல் எதிரொளித்து, மூலைகளின் நிழலைக்கூட அழித்துவிடும்.

இரண்டு சூரியன்கள்

எச்டிஆர்ஐ வானத்தில் (காட்சிக்கு ஒளி தரும் வானத்தின் புகைப்படத்தில்) சூரியன் இருந்தால் மென்பொருளின் தனிச் சூரியனை அணைத்துவிடுங்கள்.

ஊதிப் பெருத்த சூரியன்

நிழல் மென்மையாக வேண்டும் என்று சூரியனின் அளவைப் பத்து மடங்காக்குகிறார்கள். வானில் சூரியனின் அகலம் அரைப் பாகைதான். 3 மீட்டர் தள்ளி விழும் நிழலின் விளிம்பு 3 சென்டிமீட்டர் அளவுக்கு மங்கும், அவ்வளவே. மேகம் மூடிய வெளிச்சம் வேண்டுமென்றால் மேகமூட்டமான வானத்தையே பயன்படுத்துங்கள்.

டீனாய்சர்

ரெண்டரில் தெரியும் புள்ளி இரைச்சலைத் துடைக்கும் கருவி இது. மரத்தின் ரேகையையும் அது புள்ளிகளோடு சேர்த்துத் துடைத்துவிடும்.

எல்லா விளக்கும் ஒரே நிறம்

விளக்கொளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்கிறோம்: எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். இரவுக் காட்சியில் எல்லா விளக்குகளையும் 6500 கெல்வினில் வைத்தால் வீடு மருந்துக்கடை போலாகிவிடும். சமையலறை ட்யூப்லைட்டுக்கு 6500 சரி. படுக்கையறை விளக்கு 2700 முதல் 3000. பூஜையறைக் குத்துவிளக்கின் சுடர் 1900-ஐ ஒட்டியது. கேமராவின் வெண்சமநிலையை (எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்ற அமைப்பை) 4000 அருகில் வையுங்கள். சுடர் பொன்னிறமாகவும், சமையலறையிலிருந்து கசியும் வெளிச்சம் லேசான நீலமாகவும் தெரியும்.