குவாட் பைக்குக்கு பாலிசி எடுக்கிறீர்களா? பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

"இது வண்டியோட வந்ததா சார், நீங்க மாட்டினதா?"

சேதத்தை மதிப்பிட வந்த காப்பீட்டு சர்வேயர் குனிந்து வின்ச்சை, அதாவது சேற்றில் மாட்டினால் வண்டியை இழுக்கும் கம்பிச் சுருளை, தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார். என் 450 சிசி ஏடிவி (குவாட் பைக்கின் இன்னொரு பெயர்; கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) அவருக்குப் பக்கத்தில் ஒருக்களித்து நின்றது. முந்தின நாள் சரிவில் ஏறும்போது பின்பக்கமாகக் கவிழ்ந்து, இரண்டு முறை உருண்டு, ஒரு பாறையில் முட்டி நின்ற வண்டி. நான் வெகு பெருமையாக, "நானே மாட்டினேன். முன்பக்க பம்பர், பின்னால் இருக்கிற பெட்டி, லைட் எல்லாம் நான் போட்டதுதான்" என்றேன். அவர் தன் தாளில் நான்கு வரிகளை அடித்தார். நான் எதிர்பார்த்த பணத்தில் பாதி அந்த நான்கு கோடுகளோடு போய்விட்டது.

அவர் மேல் தப்பில்லை. "தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட பாகங்களுக்கு மட்டும்" என்று பாலிசியில் அச்சடித்தே இருந்தது. முதல் பக்கத்தில் என் பெயரும் வண்டி நம்பரும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடி வைத்தவன் நான். அன்றிலிருந்து எந்த பாலிசி கைக்கு வந்தாலும் 'இவற்றுக்குக் காப்பீடு இல்லை' என்ற பகுதியைத்தான் முதலில் படிக்கிறேன். பெரும்பாலும் அது பின்னால்தான் இருக்கும், பொடி எழுத்தில்.

கார், பைக் பாலிசி எடுத்துப் பழகியவர்கள் இதையும் அதே மாதிரி நினைத்துவிடுகிறார்கள். வண்டியே வேறு. நான்கு டயரிலும் காற்று மிகக் குறைவாக இருக்கும். பல மாடல்களில் பின் அச்சு ஒரே தண்டு, இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். மண்ணில் சக்கரம் சறுக்கித் திரும்பிவிடும். தார் ரோட்டில் சறுக்காது. நீங்கள் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகப் பார்க்கும், இல்லையென்றால் சாயும். பொதுச்சாலையில் ஓட்டினால் க்ளெய்ம் கிடையாது என்று பல நிறுவனங்கள் எழுதி வைப்பதில் இதற்கும் பங்கு உண்டு. கவிழ்வது பற்றிய பயமும் பழையது. மூன்று சக்கரத்தில் வந்த ஏடிவிகளால் விபத்துகள் பெருகி, 1988-ல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனையையே நிறுத்த வேண்டி வந்தது.

வீட்டுக் காப்பீடு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். சில வீட்டு பாலிசிகளில் உங்கள் எல்லைக்குள் இருக்கும் வரை ஏதோ கொஞ்சம் பாதுகாப்பு இருக்கலாம். வேலியைத் தாண்டினால் பெரும்பாலும் அதுவும் கிடையாது. வேலிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க யாரும் ஏடிவி வாங்குவதில்லை.

சரி, எதைக் கேட்டு வாங்குவது? நான் ஏஜென்டிடம் மூன்று கேள்வி கேட்பேன்: யார் ஓட்டினால், எங்கே ஓட்டினால், எதற்கு ஓட்டினால்?

'யார்' என்பதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சில பாலிசிகளில் பெயர் கொடுத்தவர் மட்டுமே ஓட்டலாம். சிலவற்றில் வயது வரம்பு உண்டு, உரிமமோ பயிற்சிச் சான்றிதழோ கேட்பதும் உண்டு. "மச்சான் ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டும்" என்று சாவியைக் கொடுக்கும்போது காப்பீடு அவரோடு போகிறதா, இல்லையா என்று தெரிந்திருக்க வேண்டும். பின்னால் ஆளை ஏற்றுவதும் இதில் சேரும். நீளமான சீட்டைப் பார்த்தால் இருவருக்கானது போலத் தோன்றும். ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையை மாற்றத்தான் அந்த நீளம். ஒருவருக்கான வண்டியில் 'பயணியை ஏற்றாதே' என்று ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். அதை மீறி ஒருவரை ஏற்றி அவருக்கு அடிபட்டால், நிறுவனம் அந்த ஸ்டிக்கரைத்தான் காட்டும்.

'எங்கே' என்பதற்குச் சொந்த நிலம், அடுத்தவர் நிலம், காட்டுப்பாதை, பூங்கா என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். சில பாதைகளில் மூன்றாம் நபர் காப்பீட்டுச் சான்று இல்லாமல் உள்ளேயே விட மாட்டார்கள். டிரெய்லரில் ஏற்றிப் போகும்போது வண்டி சரிந்து விழுந்தால் யார் பொறுப்பு, ஏடிவி பாலிசியா, இழுத்துப் போகும் காரின் பாலிசியா? அதையும் கேளுங்கள். டிரெய்லருக்கே தனிக் காப்பீடு தேவைப்படலாம்.

'எதற்கு' என்பது சுருக்கமான விஷயம். பந்தயம், வாடகைக்கு விடுவது, கூலிக்கு ஓட்டுவது எல்லாம் சாதாரண பாலிசியில் வராது. நேரம் குறித்து ஓட்டிப் பார்க்கும் பயிற்சியைக்கூடப் பந்தயக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. பண்ணை வேலைக்குப் பயன்படுத்தினால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி, என்னென்ன வாங்குவது. மூன்றாம் நபர் பொறுப்பில் கை வைக்காதீர்கள். 300 கிலோ வண்டி ஒருவர் மேல் ஏறினால் ஆகும் செலவு, வண்டியின் விலையைப் போலப் பல மடங்கு போகும். அதில் ஒரு ஆளுக்கு இவ்வளவு, ஒரு விபத்துக்கு மொத்தம் இவ்வளவு என்று இரண்டு வரம்பு இருக்கலாம். இரண்டையும் பாருங்கள். இந்தக் காப்பீடு மற்றவர்களுக்கானது. உங்கள் கை முறிந்தால் இது ஒன்றும் தராது. அதற்கு மருத்துவச் செலவுப் பிரிவையோ தனிநபர் விபத்துக் காப்பீட்டையோ சேர்க்க வேண்டும்.

வண்டிக்கான சேதம் பல இடங்களில் இரண்டு பிரிவாக விற்கப்படுகிறது. மோதல், கவிழ்தல் ஒன்று. திருட்டு, தீ, வெள்ளம், மரம் விழுதல் இன்னொன்று. ஒன்றை வாங்கிவிட்டு இரண்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு மதிப்புக் கணக்கு. புது வண்டியின் விலை 100 என்று வையுங்கள். நான்கு வருடத்தில் சந்தை மதிப்பு 60 ஆகிறது. க்ளெய்மில் முதலில் உங்கள் கையிலிருந்து போக வேண்டிய பங்கு 10. வண்டி முழுதாக நொறுங்கினால் சந்தை மதிப்பு பாலிசியில் உங்களுக்கு வருவது 50. 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்று எடுத்திருந்தால், ஆரம்பத்தில் பேசிய தொகையிலிருந்து அந்த 10 போகும், அவ்வளவுதான். பிரீமியம் கூடும். உங்கள் பங்கை 20 ஆக்கினால் பிரீமியம் குறையும், ஆனால் உடைந்த பிளாஸ்டிக், வளைந்த ஹேண்டில் எல்லாம் உங்கள் செலவு. வண்டி மிகப் பழசாகிவிட்டால், வண்டிச் சேதப் பிரிவை விட்டுவிட்டு மூன்றாம் நபர் பிரிவை மட்டும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்பேன்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஓடையைக் கடக்கும்போது ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் போனால், பிஸ்டன் மேலே வரும்போது அந்தத் தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இது விபத்தா, இயந்திரக் கோளாறா, உங்கள் கவனக்குறைவா என்பதில்தான் க்ளெய்ம் நிற்கும் அல்லது விழும். வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூழ்கிய வண்டியை "ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்" என்று பட்டனை மட்டும் அழுத்திவிடாதீர்கள். அதற்குப் பிறகு உடைவதை உங்கள் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

விண்ணப்பத்தை நீங்களே சரிபாருங்கள். சேசிஸ் நம்பர் பொதுவாக 17 இலக்கம். அதில் I, O, Q எழுத்துகளே வராது. என் முதல் விண்ணப்பத்தில் ஏஜென்ட் பூஜ்யத்துக்குப் பதில் O என்று எழுதியிருந்தார். வண்டி திருடு போன பிறகு இது தெரியவந்தால் எவ்வளவு அலைச்சல் என்று யோசித்துப் பாருங்கள். நம்பர் வண்டியின் ஃப்ரேமில் பொறித்திருக்கும், சேற்றைத் துடைத்தால்தான் தெரியும். துடைத்துவிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிய ஒவ்வொரு உதிரிக்கும் ரசீதும் போட்டோவும் வேண்டும். அதன் மொத்த மதிப்பைச் சொல்லி கூடுதலாக மாட்டிய பாகங்களுக்கான பிரிவைச் சேருங்கள். எஞ்சினில் கை வைத்திருந்தாலோ உயரத்தைக் கூட்டியிருந்தாலோ மறைக்க வேண்டாம்.

ஓட்டாத மாதங்களில் காப்பீட்டைக் குறைத்துக்கொள்ளும் வசதி சில இடங்களில் உண்டு. எடுத்தாலும் திருட்டு, தீ இரண்டையும் நிறுத்தாதீர்கள். மூலையில் மூடிப்போட்டு நிற்கும் வண்டியை எடுத்துப் போவதுதான் திருடனுக்குச் சுலபம்.

மூன்று நிறுவனங்களிடமாவது விலை கேளுங்கள். ஒரே வரம்பு, ஒரே கைப்பங்கு, ஒரே ஓட்டுநர்கள் என்று சொல்லிக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். பயிற்சி வகுப்பு முடித்திருந்தால் தள்ளுபடி உண்டா என்று கேட்கத் தவறாதீர்கள், அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

போன புதுப்பித்தலில் மச்சான் பெயரையும் ஓட்டுநர் பட்டியலில் சேர்த்தேன். பிரீமியம் ஏறியது. ஏறிய தொகையை அவரிடமே வாங்கிவிட்டேன். முகம் சுளித்தார். அதற்கு முன் ஒரு வருடம் முழுக்கச் சாவி கேட்டவரை நான் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.