தோட்டத்தில் பெருச்சாளி வளை: பிடிப்பதும் தடுப்பதும்

வளைவாயில் மண் குவிந்து கிடப்பதாலேயே உள்ளே பெருச்சாளி இருக்கிறது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சாயங்காலம் எல்லா வளைகளையும் ஈரமண்ணால் மூடி மிதித்துவிடுங்கள். விடிந்ததும் எது திறந்திருக்கிறதோ அதுதான் புழக்கத்தில் உள்ள வளை.

அதன் அருகே, சுவர் ஓரமாகக் கூண்டுப்பொறி வையுங்கள். சின்ன எலிப்பொறி இதற்குப் போதாது. முதல் மூன்று இரவு கதவு விழாதபடி கட்டிவைத்து, உள்ளே கருவாடோ மசால் வடையோ போட்டுப் பழக்குங்கள். புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும் பிராணி இது. தின்ன ஆரம்பித்த பிறகு கட்டை அவிழ்த்தால் போதும்.

நிரந்தரத் தீர்வு கம்பிவலைதான். அரை அங்குலக் கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் வாங்குங்கள். கோழிவலை சீக்கிரம் துருப்பிடித்துப் பிய்ந்துவிடும். வேலியோரம் இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து வலையை இறக்கி, அடியில் ஓர் அடி வெளிப்புறமாக மடக்கிவிடுங்கள். மடிப்பு ஏன்? வேலியை ஒட்டியே கீழே தோண்டும் பெருச்சாளி அந்த மடிப்பில் முட்டி நின்றுவிடும். மடிப்பை உள்பக்கம் வைத்தால் செலவு வீண். மேலே ஓர் அடி தெரியட்டும். கிழங்குப் பாத்திக்கு அடியிலும் வலை விரிக்கலாம்.

எலி வளைக்குள் போடும் அலுமினியம் பாஸ்பைடு என்ற விஷ மாத்திரையை வீட்டுத் தோட்டத்தில் தொடவே கூடாது. அதன் வாயு ஆளையே கொல்லும். கூண்டைக் கையுறை போட்டே கழுவுங்கள், எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியாகப் பரவும்.